எத்தனை மில்லிமீட்டர் சார்?

ஐம்பது லட்ச ரூபாய்க்கு ஷோரூமை விட்டு இறங்கிய ஜெர்மன் கார், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எட்டு லட்சத்துக்கு வந்து நிற்கும். அந்த விலைக்கும் ஆள் வருவது சந்தேகம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்குக்கு இந்தச் சேதியை யாரும் சொல்வதில்லை. அது இன்னும் ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் உறுப்பாகவே தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறது. விற்கப் போனால்தான் விலை விழும். பார்ட்ஸ் மாற்றப் போனால் வருடா வருடம் ஏறும்.

என்னிடம் இருப்பது 2012 மாடல் செடான். வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற கம்பெனிக் கார் வைத்திருப்பவர்களெல்லாம் "எங்களுது அப்படி இல்லை" என்று தப்பித்துக்கொள்வார்கள். ஓட்டுவதற்கு இன்றைக்கும் சுகமான வண்டி. கதவைச் சாத்தினால் மவுண்ட் ரோடு சத்தம் வெளியே நின்றுவிடும். புகாரெல்லாம் வண்டியின் மேல் இல்லை.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தது. திரையில் விவரமும் இருந்தது. பின் பிரேக்: மாற்றும் நேரம் வந்துவிட்டது. முன் பிரேக்: இன்னும் 9,000 கிலோமீட்டர். இது நான் போட்ட கணக்கு அல்ல. காரைச் செய்த கம்பெனியே உள்ளே வைத்து அனுப்பிய கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. பேடுக்குள் மெல்லிய கம்பி ஒன்றைப் பதித்திருப்பார்கள். பேடு தேயத் தேய அந்தக் கம்பி டிஸ்க்கில் உரசி அறுந்துவிடும், விளக்கு எரியும். என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் அந்தக் கம்பி கிடையாது. முன்னால் ஒரு சக்கரத்தில் ஒன்று, பின்னால் ஒரு சக்கரத்தில் ஒன்று. அதையும் ஓடிய தூரத்தையும் வைத்து மீதியைக் கம்ப்யூட்டர் கணிக்கிறது.

பின் பேடை எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துக் கார் என்றால் மாற்றிவிடலாம். இதில் கைபிரேக்குக்கு நெம்புகோல் கிடையாது, பொத்தான்தான். பின் காலிபர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. புதுப் பேடு தடிமனாக இருக்கும்; அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். மோட்டாரை முதலில் பின்வாங்கச் சொல்லாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் போய்விடும். பின்வாங்கச் சொல்லக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆகவே டீலர்.

டீலரின் சர்வீஸ் சென்டரில் உள்ளே நுழைந்ததும் தண்ணீர் பாட்டில் வரும். தோல் சோபா, காப்பி மெஷின், சத்தமில்லாமல் கார் பந்தயம் ஓடும் பெரிய டிவி. ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க அகலமான கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் என் கார் லிஃப்டில் நாலு சக்கரத்தையும் தொங்கவிட்டு நிற்கிறது. நீல யூனிபார்ம் போட்ட ஒருவர் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, யாரிடமோ ஏதோ சொல்கிறார். அந்த ஏதோ என்ன என்பதுதான் எனக்கு வேண்டும். ஆனால் கதவில் எழுதியிருக்கிறது, வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று. அவர் பார்த்தது சூப்பர்வைசருக்குப் போய், சூப்பர்வைசர் சொன்னது சர்வீஸ் அட்வைசருக்குப் போய், அட்வைசர் கையில் இருக்கும் டேப்லெட்டில் விழுந்து, கடைசியில் என்னிடம் வந்து சேரும்போது அது ஒரு தொகையாக மாறியிருக்கிறது.

ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் சொச்சம்.

பின் பேடு செட், பின் டிஸ்க் இரண்டு, பின் சென்சார். முன் பேடு செட், முன் டிஸ்க் இரண்டு, முன் சென்சார். பிரேக் ஆயில். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு வரி; அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் துணி, கிரீஸ் என்றார்கள். டிஸ்க்கை இடத்தில் பிடித்து வைக்கும் குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது, அதற்கும் தனி வரி, தனி விலை. லேபர் தனி.

அட்வைசர் சின்னப் பையன். என் பையனைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். மரியாதைக்குக் குறைவே இல்லை.

"முன் பிரேக் எதுக்குப்பா? இன்னும் 9,000 கிலோமீட்டர் இருக்குன்னு வண்டியே சொல்லுதே?"

"அது அப்ராக்ஸிமேட்தான் சார். நாங்க ஃபுல் செட்டா ரெகமண்ட் பண்றோம்."

"சரி. முன் டிஸ்க் இப்ப எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?"

"நல்லா வேர் ஆயிருக்கு சார். ஓரத்துல லிப் ஃபார்ம் ஆயிடுச்சு."

"எத்தனை மில்லிமீட்டர்?"

"சேஃப்டி மேட்டர் சார். ஃபேமிலியோட போவீங்க."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. தொகைக்காக அல்ல. ஏசி சரியில்லை என்றால் "போகட்டும், ஜன்னலைத் திறந்துக்கிறேன்" என்று சொல்லலாம். சஸ்பென்ஷனில் டக்டக் என்று சத்தம் என்றால் பாட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். பிரேக் என்று வந்துவிட்டால் பேரம் பேசவே கூச்சமாகிவிடுகிறது. பெண்டாட்டி பிள்ளையின் உயிரில் மிச்சம் பிடிக்கிற ஆளாக என்னை அந்த சோபாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பின் சீட்டில் என் மாமியார் உட்காருவதை இவர்கள் என்னைக்குப் பார்த்தார்கள்?

நான் கேட்டது அப்படி ஒன்றும் ரகசியமும் இல்லை. எந்த டிஸ்க்கையும் எடுத்துப் பாருங்கள், விளிம்பிலோ நடுக் குடத்திலோ 'மின் டிஎச்' என்று ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் குறைந்தபட்சத் தடிமன். அதற்குக் கீழே தேய்ந்தால் சூட்டைத் தாங்காது, மாற்றியே ஆக வேண்டும். என் காரின் முன் டிஸ்க் புதிதில் 24 மில்லிமீட்டர். பொறித்திருப்பது 22.4. அதாவது தேய்வதற்கு அதற்கு விதிக்கப்பட்டது 1.6 மில்லிமீட்டர்தான். பேடும் அப்படியே. புதிதில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இருக்கும். 3க்கு வந்தால் மாற்றச் சொல்வார்கள். டிஸ்க் ஓரத்தில் லிப் என்று அவர் சொன்னாரே, பேடு படாத விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி எழும்பி நிற்பது, அது ஓடிய எல்லா டிஸ்க்கிலும் இருக்கும். அது தேய்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியே தவிர, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அல்ல. அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். ஒரு சக்கரத்துக்கு ஒரு நிமிஷம் வேண்டும். சக்கரத்தை ஏற்கெனவே கழற்றியாயிற்று, டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று. அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் ஏன் செலவழிக்க மாட்டேன் என்கிறார்கள்?

கார்கள் என்னவோ எண்ணைச் சொல்லத் தயங்கியதே இல்லை. 2000களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் 'சென்சோட்ரானிக்' என்று ஒரு எலக்ட்ரானிக் பிரேக்கைக் கொண்டுவந்தது. ஓட்டுபவர் எத்தனை முறை பிரேக் மிதித்தார் என்று அதன் ஹைட்ராலிக் யூனிட் எண்ணிக்கொண்டே இருக்கும். வரம்பைத் தாண்டினால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லி விளக்கைப் போடும். அந்த பிரேக்குக்காக 2004இல் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள், 2006இல் ஈ கிளாஸ் பழைய மாதிரி ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிவிட்டது என்பது தனிக்கதை. ஆனால் அந்த வம்பு பிடித்த இயந்திரம்கூட எண்ணி, கணக்கு வைத்து, அப்புறம்தான் செலவு வைத்தது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கார்களின் பேடு கெட்டியாகப் பிடிக்கும், தானும் தேயும், டிஸ்க்கையும் தேய்க்கும். அலாய் வீலில் கரி பூசியது போல ஒட்டுகிறதே, அது இரண்டின் தூளும்தான். ஆகவே இரண்டு செட் பேடுக்கு ஒரு முறை டிஸ்க் மாற்றுவது இந்த வண்டிகளில் வழக்கமான செலவு. இப்போதைய தடிமன் இன்னொரு செட் பேடு தேயும்வரை தாங்குமா என்று பார்ப்பதும் சரியான முறை. தாங்காது என்று கணக்குக் காட்டியிருந்தால் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பேன். பிரேக் ஆயிலுக்கும் நான் மூச்சு விடவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பே 155 ஆக இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்று கம்பெனி சொல்வதைத் தாராளமாகக் கேட்கலாம். இப்படி விளக்கிச் சொன்னால் கேட்கிற ஜாதிதான் நான். அதையும்கூட அவர்கள் எனக்கு விளக்கவில்லை. "டியூ ஆயிடுச்சு சார்" என்பதோடு சரி.

கடைசியில் பின் பிரேக்கை மட்டும் மாற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள், முன்னால் கை வைக்காதீர்கள் என்றேன். பையன் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவர் தலைக்கு மேல் எந்த மாத டார்கெட் தொங்குகிறதோ. உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். பரிந்துரைத்த பாதுகாப்புப் பணிகளை வாடிக்கையாளர் மறுத்துவிட்டார், விளைவுகளுக்கு அவரே பொறுப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேச்சை மீறி நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறவரிடம் வாங்குவார்களே, அந்தக் கையெழுத்து. ஆஸ்பத்திரிக் காகிதத்திலாவது பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று எழுதியிருக்கும். இதில் என் பெயரும் வண்டி நம்பரும்தான். "இதுலயாவது அளவை எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றேன். ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

இடையில் ஜிஎஸ்டி என்று ஒரு நப்பாசை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. அந்தப் பத்து எங்கே என்று எஸ்டிமேட்டில் தேடினேன். "பார்ட்ஸ் பிரைஸ் ரிவைஸ் ஆயிடுச்சு சார்" என்றார். வரி இறங்கி வரும்போது விலை எதிரே ஏறிப் போயிருக்கிறது.

அப்புறம் காத்திருப்பு. இந்த மாடலுக்குப் பின் டிஸ்க் ஸ்டாக் கிடையாது, பழைய மாடல் சார், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வண்டியைக் கேட்டை விட்டு வெளியே எடுக்காமல் வீட்டில் நிறுத்தினேன். மனைவியின் சின்னக் காரை இரவல் கேட்டு, அதற்கான பேச்சையும் வாங்கிக்கொண்டு, அதில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். வழியில் பாடி. 1962இல் டி.வி.எஸ்.காரர்களும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அங்கேதான் இருக்கிறது. பிரேக் லைனிங் செய்கிற கம்பெனிகளும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. நாட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகளை நிறுத்துவது அந்தப் பேட்டையில் செய்த பிரேக்கும் லைனிங்கும்தான். நான் மட்டும் அந்தச் சிக்னலில் நின்றுகொண்டு, எங்கேயோ கப்பலிலோ விமானத்திலோ வந்துகொண்டிருக்கும் இரண்டு இரும்பு வட்டங்களுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

வந்தன. மாட்டினார்கள். டெலிவரி அன்று வண்டி பளபளவென்று இருந்தது. இலவச வாட்டர் வாஷ். தூசி தட்டாத இடமில்லை. சக்கரம் கறுப்பாக இல்லாமல் பார்ப்பதே புதிதாக இருந்தது. முதல் சிக்னலில் பிரேக் மிதித்தேன். பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். போன் போட்டால், "புதுப் பேடு சார், செட் ஆகணும், ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். புதுப் பேடையும் புது டிஸ்க்கையும் முதலில் பக்குவமாகப் பழக்க வேண்டும், திடீரென்று அழுத்தாமல் மிதமான வேகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான். சாவியைக் கொடுக்கும்போதே அதைச் சொல்வதற்கு என்ன? அந்த நேரத்தில் வேறொரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க. ஒன்பது குடுத்தாலும் எங்களுக்கு ஃபெயில்தான்."

அழைப்பு வந்தது. லவுஞ்ச் சுத்தமாக இருந்ததா? இருந்தது. பானம் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். அட்வைசர் புன்னகையுடன் வரவேற்றாரா? வரவேற்றார். சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததா? திருத்திய நேரத்துக்குக் கிடைத்தது. பிரேக் பிடிக்கிறதா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. பையன் முகத்தை நினைத்துப் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

முன் டிஸ்க் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் செய்த வேலை அது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும், ஒருவேளை அவர்கள் சொன்னது நிஜமோ என்று. புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய கார்களைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களுக்குப் பக்கத்துச் சந்தில் பாய் ஒருவர் இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்க்கிறார். லவுஞ்ச் என்று கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பா ஒன்று. ஜாக்கி போட்டார், சக்கரத்தைக் கழற்றினார், கால்சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். டிஸ்க்கின் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"23.1 இருக்கு சார். 22.4தான் லிமிட்டு. பேடு 5 இருக்கு. இந்த பேடு முடியிற வரைக்கும் ஓட்டுங்க, அப்ப டிஸ்க்கையும் சேர்த்து மாத்திக்கலாம். இப்ப எதுக்குக் கழட்டணும்?"

நான் கேட்காமலே சொன்னார். சொன்னதோடு என்னையும் குனியச் சொல்லி அந்தப் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துக் காட்டினார். அடுத்த முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன 9,000த்துக்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் எவ்வளவு என்றதற்கு, "டீக்குக் குடுங்க" என்றார்.

"பின் பிரேக்கும் நீங்களே பண்ணியிருப்பீங்களா பாய்?"

"பண்ணியிருப்பேனே. ஸ்கேனர் வெச்சிருக்கேன். என்ன, அப்டேட் குடுக்க மாட்டானுங்க. அங்க இங்க புடிச்சுத்தான் ஓட்டிட்டிருக்கோம்."

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைக்கிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே கொடுங்கள் என்றும் உத்தரவிட்டது. பிறகு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போயிற்று. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த வருடக் கடைசியில் அதற்கென்று ஓர் இணையதளமும் வந்தது. புதுப்பேட்டைச் சந்துக்கு இதெல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. பாய் அங்கே இங்கே பிடித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் பின் டிஸ்க்குக்கு ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் விலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பின் டிஸ்க்கின் பழைய தடிமன் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழற்றியதைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

போன வாரம் டீலரிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். மழைக்காலச் சிறப்பு முகாம், இலவச பிரேக் பரிசோதனை, முன் டிஸ்க்கும் பேடும் சேர்த்து மாற்றினால் லேபரில் 10 சதவீதத் தள்ளுபடி, உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. பரிசோதித்து மில்லிமீட்டரை எழுத்தில் தருவீர்களா என்று அதற்கே பதில் தட்டி அனுப்பினேன். போகவில்லை. செய்தி அனுப்ப மட்டும் வைத்திருக்கும் எண்ணாம் அது, பதில் வாங்காதாம்.